நூறு வாட்டுக்குச் சமமான பல்பும் கஸ்டர்ட் என்ற ஆமையும்

கொஞ்சமும் சூடாகாத விளக்கு நல்ல விளக்கா, கெட்ட விளக்கா? பள்ளியின் கடைசி வருடத்தில், அந்த மார்ச் மாதத்தில் யாராவது இதைக் கேட்டிருந்தால் நான் திருதிருவென்று விழித்திருப்பேன். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் எங்கள் தெருவில் ஏழாம் எண் வீட்டில் இருக்கும் கிளிஃபர்ட் ஹெப்டன் விழித்திருக்க மாட்டார். "நல்ல விளக்கு, இதுல என்ன சந்தேகம்?" என்று சட்டென்று சொல்லியிருப்பார். வம்பே அங்கேதான் தொடங்கியது.

கிளிஃபர்ட் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் செய்த ஒரே வேலை விளக்கணைப்பது. மனைவி மோரீன் குளியலறையில் இருக்கும்போதே வெளியே சுவிட்சைத் தட்டிவிட்டுப் போவார். உள்ளிருந்து வரும் வசவு அவர் காதில் ஏறாது. வீட்டில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று காட்டும் சிறு பெட்டி ஒன்று கணப்பு மாடத்தின் மேல் இருந்தது. குறைவாக ஓடினால் பச்சை, கூடினால் மஞ்சள், மிதமிஞ்சினால் சிவப்பு. கிளிஃபர்ட் நாற்காலியை அதை நோக்கித் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"கால்பந்து ஆட்டம் கூட இப்படிப் பாக்க மாட்டியே, கிளிஃப்" என்பாள் மோரீன்.

"கால்பந்துல நம்ம ஊரு எங்க ஜெயிக்குது? இதுலயாவது ஜெயிக்கலாம்."

அந்தப் பெட்டியைச் சிவப்பாக்கும் ஒரே எதிரி கஸ்டர்ட். அது மோரீனுக்கு ஏழு வயதில் பரிசாக வந்த நில ஆமை. குளிர்காலம் முழுவதும் கார் கொட்டகையில் அதற்கென்றே வைத்த குளிர்ப்பெட்டியில் தூங்கும். மார்ச்சில் எழுப்பி, வெந்நீரில் குளிப்பாட்டி, முன்னறையில் விளிம்பு கட்டிய பெரிய மரமேசையில் விடுவார்கள். மேலே நூறு வாட் சூட்டு விளக்கு ஒன்று நாள் முழுக்க எரியும்.

அந்த வருடம் கஸ்டர்டை எழுப்பிய மறுநாளே மோரீன் விட்பிக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அவள் அக்காவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. கோட்டைப் போட்டுக்கொண்டு அவள் ஆமையைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். இரண்டில் எதை நம்புவது என்று தெரியாத பார்வை.

"பத்து நாள்ல வந்துடுவேன். அதுக்குள்ள இது ஒரு வாயாவது தின்னிருக்கணும். தூங்கி எழுந்த ஆமை தின்னலன்னா பிழைக்காது. விளையாட்டு இல்ல, கிளிஃப்."

"நானாச்சு, மோ. நீ கிளம்பு."

அவள் ஏறிய ரயில் லீட்ஸைத் தாண்டியிருக்காது. கிளிஃபர்ட் விளக்குக் கடையில் நின்றார். இருப்பதிலேயே கம்மியாக மின்சாரம் தின்கிற பல்பு எது என்று கேட்டார். எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கையில் வந்தது ஒன்பது வாட் எல்இடி பல்பு. பெட்டியில் கொட்டை எழுத்தில் 'நூறு வாட்டுக்குச் சமம்' என்று இருந்தது. கிளிஃபர்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டினார். முன்னறை கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. மாடத்துப் பெட்டி பச்சையாகவே நின்றது.

கஸ்டர்ட் மட்டும் அசையவில்லை. சீமைக் காட்டுமுள்ளங்கி இலை, க்ளோவர் தழை, வெள்ளரித் துண்டு என்று விருந்தே பரப்பினார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"தின்னுச்சா?" என்று மோரீன் தினமும் ஃபோனில் கேட்டாள்.

"யோசிச்சுக்கிட்டு இருக்கு" என்றார் முதல் நாள். மூன்றாம் நாளும் அதையே சொன்னார்.

"அஞ்சு நாளா என்னத்த யோசிக்குது?" என்று ஐந்தாம் நாள் மோரீனின் குரல் உடைந்தது. "ஐம்பத்தேழு வருஷமா என்கூட இருக்குது, கிளிஃப்."

கிளிஃபர்ட் தேநீரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தார். கஸ்டர்டைக் கம்பளித் தொப்பியில் சுற்றிக்கொண்டு மாதா கோயில் கூடத்துக்கு ஓடினார். அங்கே செவ்வாய்தோறும் மதியம் ஆமை வளர்ப்போர் சங்கம் கூடும். பாதி நேரம் ஆமைப் பேச்சு, பாதி நேரம் பிஸ்கட்.

சங்கச் செயலாளர் ஹில்டா பிக்கர்ஸ்கில் இடுப்பிலிருந்து ஒரு வெப்பத் துப்பாக்கியை உருவினார். கொரோனா சமயத்தில் வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரி. ஆமை ஓட்டுக்கு நேரே நீட்டினார்.

"பதினெட்டு டிகிரி. குளிர்ப்பெட்டியிலயே வச்சிருந்தீங்களா, கண்ணு?"

"இல்லம்மா, விளக்குக்கு அடியில."

அவர் துப்பாக்கியை மெல்ல உயர்த்தி கிளிஃபர்டின் வழுக்கையைச் சுட்டார். "முப்பத்து மூணு! பேசாம உங்க தலைமேல உக்கார வச்சிருந்தா இந்நேரம் ரெண்டு வேளை தின்னிருக்கும்."

கூடமே சிரித்தது. கிளிஃபர்டுக்கு ரோஷம் வந்தது. பல்புப் பெட்டியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "நூறு வாட்டுக்குச் சமம்னு போட்டிருக்கான், பாருங்க!"

"வெளிச்சத்துல சமம், கண்ணு. சூட்டுல இல்ல. மத்த ரூம்ல சூடு வீணாப் போறது. ஆமைக்கு அந்த வீணாப் போறதுதான் சாப்பாடு."

கிளிஃபர்ட் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க விரட்டிய எதிரியைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்கிறார்கள்.

"பீங்கான் ஹீட்டர் வாங்கய்யா, வெளிச்சமே இல்லாம சூடு மட்டும் வரும்" என்றார் ட்ரெவர் என்ற உறுப்பினர்.

"நீ சும்மா இரு. வெளிச்சமும் சூடும் ஒண்ணா வந்தாத்தான் அது வெயில்னு நினைச்சு வந்து உக்காரும்" என்று ஹில்டா அவர் வாயில் பிஸ்கட்டைத் திணித்தார். "அம்பது வாட் ஹாலஜன் போதும். மேசைய ஜன்னல் காத்துலேர்ந்து தள்ளிப் போடுங்க. விளக்குக்குக் கீழ ஒரு கற்பலகை வைங்க. கல்லுல முப்பத்தஞ்சு டிகிரி வர்ற வரைக்கும் விளக்கை இறக்குங்க, அதுக்கு மேல வேணாம். சூடு தங்க, பாதி மேசைக்குப் பலகை மூடி. ராத்திரி தானா அணையட்டும். பழைய நூறு வாட்டுல பாதிதான் ஆகும்."

பாதி என்ற சொல் காதில் விழுந்ததும் கிளிஃபர்ட் எழுந்துவிட்டார்.

இரவல் வாங்கிய துப்பாக்கியோடு வீடு வந்து, எல்லாம் சொன்னபடி செய்தார். கல்லில் முப்பத்தைந்து வந்தது. அதோடு கை சும்மா இருக்கவில்லை. தேநீரைச் சுட்டார், அறுபத்தொன்று. தபால்காரரின் மூக்கைச் சுட்டார், இருபத்தெட்டு. "உள்ள வந்து ஒரு நிமிஷம் நில்லுய்யா, பாவம்" என்றார். தபால்காரர் அடுத்த நாள் கடிதங்களை வேலிக்கு வெளியே இருந்தே வீசினார்.

கஸ்டர்ட் கல்மேல் ஏறியது. பின்னங்கால் இரண்டையும் நீட்டிக் கடற்கரையில் படுத்ததுபோல் படுத்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று நாட்கள் போயின.

ஒன்பதாம் நாள் மதியம். வெந்நீர்க் குளியல் முடித்து ஆமையைத் தரைவிரிப்பில் விட்டுவிட்டு, கிளிஃபர்ட் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். சிவப்புக் காலுறையில் ஒரு ஓட்டை. அதில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. கஸ்டர்ட் அதைப் பார்த்தது. ஒன்பது நாளில் முதல்முறையாகக் கழுத்தை நீட்டியது. நேராக நடந்து வந்தது. கவ்வியது.

அலறிக்கொண்டே ஃபோனை எடுத்தார். "மோ! வாயத் தொறந்துடுச்சு!"

"அய்யோ, நிஜமாவா! என்ன தின்னுது?"

"என்னை!"

மறுமுனையில் மோரீன் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "காலை இழுக்காத, அதோட வாய் கிழிஞ்சிடும்! காட்டுமுள்ளங்கிப் பூ இருக்கா? விரல் பக்கத்துல வை!"

அவர் எட்டி ஒரு மஞ்சள் பூவை எடுத்து விரலோடு ஒட்டி நீட்டினார். கஸ்டர்ட் விரலை விட்டது. சற்று யோசித்தது. பிறகு பூவை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கியது. இன்னொரு கடி. "மெல்லுது, மோ, மெல்லுது" என்று கிளிஃபர்ட் கிரிக்கெட் வர்ணனைபோல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழு பூ வரை போயிற்று.

மறுநாள் மோரீன் வந்ததும் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மேசையை எட்டிப் பார்த்தாள். கஸ்டர்ட் வெள்ளரித் துண்டைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கல்லை நோக்கிப் போனது. கிளிஃபர்ட் எல்இடி சங்கதியை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார். அவள் அவரை முழுசாகத் திட்டினாள், பிறகு விரலில் கட்டுப்போட்ட காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது ஆமை வளர்த்தால், சிக்கனமான பல்பு வாங்க அவர் கடைக்குக் கிளம்புமுன் நிறுத்தி இந்தக் கதையைச் சொல்லுங்கள். கால்விரல் விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். கிளிஃபர்ட் தடை சொல்லவில்லை, நான் கேட்டுவிட்டேன்.