பெண் பார்க்க வந்தவர்களும் குரங்கு எச்சமும்

ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்கு வாய்த்த வேலை, குரங்கு எச்சம் பொறுக்குவது. வடநாட்டு ரீசஸ் குரங்கின் மரபணு வரிசையைப் படித்துவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்த 2007-ஆம் வருடக் கோடை அது. எங்கள் சென்னை ஆய்வகத்தில் ரீசஸின் டி.என்.ஏ. ஏற்கெனவே இருந்தது. அதோடு ஒப்பிட நம் தமிழ்நாட்டுக் குரங்குகளின் டி.என்.ஏ. வேண்டும். குரங்கைப் பிடிக்கவோ ஊசி போடவோ தேவையில்லை. எச்சத்தோடு குடலின் செல்களும் ஒட்டிக்கொண்டு வரும், அது போதும். பெரம்பலூர்ப் பக்கம் குரங்குக்கா பஞ்சம் என்று பேராசிரியர் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

வனத்துறை அனுமதியோடும் ஸ்பிரிட் ஊற்றிய குப்பிகளோடும் வந்து இறங்கினேன். அம்மாவுக்குத் தலைகுனிவாகப் போயிற்று. அந்த வாரம்தான் ஆண்டிமடத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

வந்தார்கள். மாப்பிள்ளை ரெட்டிபாளையத்தில் சிமென்ட் ஆலை என்ஜினீயர். வீட்டில் முந்திரித் தோப்பு. காபி குடித்து முடித்த அவருடைய அம்மா, என்ன ஆராய்ச்சி என்று கேட்டார். கம்ப்யூட்டர் மாதிரிங்க என்று என் அம்மா முந்திக்கொண்டார். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"கொரங்குப் பீயையா?" என்றார் அந்த அம்மா. அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைதான் பேசினார். "எது எந்தக் கொரங்கோடதுன்னு எப்படிங்க தெரியும்?"

போடுகிறவரை பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டார். ஆலைக்குப் போகிற சாலையில் ஒரு புளியமரத்தில் பெரிய கூட்டமே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வாங்க என்றார்.

அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளை தன் அம்மாவோடு நின்றிருந்தார். எங்களுக்குக் கொடுப்பதற்காக அந்த அம்மா ஒரு பை நிறைய முந்திரிப் பழம் கொண்டுவந்திருந்தார். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கடுவன் குரங்கு குதித்து வந்து பையைப் பிடுங்கிக்கொண்டு கிளைக்கு ஏறிவிட்டது. தோப்பில் குரங்கு விரட்டிப் பழகியவர் அந்த அம்மா. கல்லை எடுப்பார் என்று நினைத்தேன். அவரோ புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி என்னோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தின்றது வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்றார். வெயில் ஏறியது. ஆண்கள் இருவரும் டீக்கடையைத் தேடிப் போய்விட்டார்கள். அவர் மட்டும் கிளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் என் முழங்கையை இடித்தார். "போட்டுடுச்சு. போயி எடும்மா, காஞ்சிடப் போவுது."

குச்சியால் எடுத்துக் குப்பியில் போட்டு மூடினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் அருவருப்பே இல்லை. அந்த நொடியில், இந்த வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. அவருடைய மகனைப் பற்றி முடிவு செய்ய எனக்கு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

ஆவணியில் கல்யாணம். அதன் பிறகுதான் ஆய்வகத்தில் முடிவுகள் வந்தன. தொலைபேசியில் சொன்னபோது, நம்ம குரங்கும் வடக்கத்திக் குரங்கும் சொந்தமா என்று அத்தை கேட்டார்.

"நெருங்குன பங்காளிங்க, அத்தை."

"அப்ப எடத்துக்குச் சண்டை இருக்குமே."

இருக்கத்தான் செய்கிறது, ரீசஸ் தெற்கே நகர்ந்து வந்து நம் குரங்குகளின் இடத்தைப் பிடிக்கிறது என்றேன். ஆண்டிமடம் வரைக்கும் வந்துவிட்டால் உடனே தகவல் சொல்வதாக அத்தை வாக்குக் கொடுத்தார்.