மூன்று மணிக்கு ஒரு போன்

முன்னேறுவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோக்கள் கேட்காமலேயே என் கைப்பேசியில் வந்து விழுகின்றன. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள், பச்சைத் தண்ணீரில் குளியுங்கள் என்று தாடி வைத்த பையன் ஒருவன் அதட்டுகிறான். இங்கே இங்கிலாந்தில், கிங்ஸ்பரியில், எனக்குப் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி அக்கா இருபத்தேழு வருடமாக மூன்றரை மணிக்கு எழுந்திருப்பவர். பார்க் ராயலில் சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஐந்து மணிக்கு அவருக்கு ஷிப்ட் தொடங்கும். அவரை யாரும் வீடியோ எடுக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. சுன்னாகத்தில் பிறந்தவர். கணவர் செல்வரத்தினம் பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நின்று ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கம்சிகா வக்கீல், கல்யாணமாகி ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாள். அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எல்லாரும் சொல்வார்கள். அது சுத்தப் பொய். காதால் கேட்டால் பாதிக்கு மேல் புரியும். தொழிற்சாலையில் தமிழும் கொஞ்சம் குஜராத்தியும் போதும் என்பதால் வாயைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். கடையில் என்றால் கையைக் காட்டிச் சமாளிப்பார். போனில் கையைக் காட்ட முடியாதே. மணி அடித்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்க்கும்.

இந்த ஊர்த் தமிழ் வீடுகள் பலவற்றில் வெளியே சொல்லிக்கொள்ளாத ஒரு வழக்கம் உண்டு. போனில் பிள்ளைகள்தான் அம்மா. கம்சிகாவுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனது. வாடகை வீட்டின் உரிமையாளருடைய அலுவலகத்துக்கு யாராவது பேச வேண்டும். அப்பா வேலையில். கம்சிகா குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கிக்கொண்டு போனைப் பிடித்தாள். திருமதி செல்வரத்தினமா என்று கேட்டார்கள். "ஸ்பீக்கிங்" என்றாள். நான்தான் பேசுகிறேன் என்பதற்கு இந்த நாட்டில் அந்த ஒரு சொல் போதும். அன்று தொடங்கி இருபத்திரண்டு வருடம் இங்கிலாந்தின் டெலிபோன் லைன்களில் திருமதி ஜெகதீஸ்வரி செல்வரத்தினம் என்பவர் கம்சிகாதான். மிகச் சரளமாகப் பேசுபவர், கொஞ்சம் அவசரக்காரர்.

போன மார்ச்சில் அக்காவின் கழுத்தில் ஒரு சிறு கட்டி தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். படிவத்தில் இருந்தது வழக்கம்போல கம்சிகாவின் நம்பர். செவ்வாய்க்கிழமை நர்ஸ் அழைத்தார். அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு கம்சிகா "ஸ்பீக்கிங்" என்றாள். கட்டி இருக்கிறது, மோசமானதாகத் தெரியவில்லை, ஆனாலும் கவனிக்க வேண்டும், ஆறு மாதத்தில் இன்னொரு ஸ்கான் என்று நர்ஸ் சொன்னார். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் இரண்டு நாள் மனதுக்குள் வைத்திருந்துவிட்டு, வியாழக்கிழமை மாலை வந்து, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை சொன்னதை ஏன் வியாழக்கிழமை சொல்லுறாய்?" என்று கேட்டார் அக்கா.

"நீங்கள் பயந்திடுவியள் எண்டுதான் அம்மா."

"என்ர கழுத்து. என்ர கட்டி. பயப்பிடுறதெண்டாலும் நான்தானே பயப்பிட வேணும்."

மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது அவர் முகம் சிவந்திருந்தது. "ரெண்டு நாளா நான் ஒண்டும் தெரியாமல் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டு நிண்டிருக்கிறன், கோதை. என்ர உடம்பைப் பற்றி என்னைவிட முதல் இன்னொராளுக்குத் தெரிஞ்சிருக்கு. அது என்ர பிள்ளையா இருந்தாலும் எனக்கு அவமானமாக் கிடக்கு."

"கம்சிகா நல்லதுக்குத்தானே செஞ்சா?" என்று நான் இழுத்தேன்.

"நல்லதுக்குத்தான். எனக்கு இனி அந்த நல்லது வேண்டாம். செப்டம்பரில வாற ரிசல்ட்டை என்ர காதால நான் கேப்பன்."

அதற்கு ஆறு மாதம் இருந்தது.

இங்கிலீஷ் வகுப்புக்குப் போகலாமே என்று யோசனை சொன்னேன். முன்னொரு காலத்தில் மூன்று நாள் போயிருக்கிறாராம். மூன்று நாளும் காபிக் கடையில் காபி கேட்பது எப்படி என்றே சொல்லிக்கொடுத்தார்களாம். "நான் எந்தக் காலத்தில கடையில கோப்பி குடிச்சனான்?" என்றார். போன் பேசுவதைப் போன் பேசித்தான் பழக வேண்டும் என்பது அவருடைய முடிவு. ஒரு நாளைக்கு ஒரு போன். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, சரியாக மூன்று மணிக்கு. யாரும் கூட இருக்கக்கூடாது. சும்மா அழைக்கவும் கூடாது, உண்மையாகவே ஒரு கேள்வி இருக்க வேண்டும்.

முதல் போன் நூலகத்துக்கு. சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்பது கேள்வி. எதிர்முனையில் ஹலோ என்ற சத்தம் கேட்டதும் அக்கா போனை வைத்துவிட்டார். அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு அதே நூலகத்தை அழைத்து, நேற்று வைத்தது நான்தான், சனிக்கிழமை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்டார். ஐந்து மணிக்கு என்றார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் கேசரி வந்தது.

அதோடு ஒரு சட்டம் பிறந்தது, எதிர்முனைக்காரர் வைப்பதற்கு முன்பு தான் போனை வைப்பதில்லை என்று. இரண்டாவது சட்டம் என்னைக் குத்தியது. "விளங்காட்டில் 'சொறி' எண்டு சொல்லமாட்டன். நான் என்ன பிழை விட்டனான்? மெதுவாச் சொல்லுங்கோ எண்டுதான் கேப்பன்." நான் திருச்சியில் கான்வென்டில் படித்தவள். இங்கே வங்கியொன்றில் மென்பொருள் வேலை. எரிவாயு கம்பெனிக்குப் போன் செய்ய வேண்டியிருந்தால் இன்றைக்கும் தயங்கித் தயங்கி ஈமெயில்தான் அனுப்புகிறேன். எடுத்தவுடன் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவேன்.

கேட்ட வாக்கியங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில், அவர் பாஷையில் கொப்பியில், தமிழ் எழுத்தில் எழுதிவைப்பார். இன்றைக்கு ஒருவர் சொன்னதை நாளைக்கு இன்னொருவரிடம் சொல்லிவிட வேண்டும். நீலக் குப்பைத் தொட்டியை எந்த வாரம் எடுப்பீர்கள் என்று கவுன்சிலைக் கேட்டபோது அங்கிருந்தவர், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று பேச்சை முடித்தார். அடுத்த நாள் பல் டாக்டரின் வரவேற்பாளரிடம் அக்கா அதே வாக்கியத்தைப் போட்டார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா? அந்தப் பெண் ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தாளாம். அக்காவும் சிரித்தாராம், ஆனால் போனை வைக்கவில்லை.

செல்வரத்தினம் அண்ணனுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "உமக்கு ஏன் இந்தத் தேவையில்லாத வேலை? பிள்ளை செய்வாள்தானே," என்பார்.

"பிள்ளை செய்ததாலதான் இந்த வேலை," என்று பதில் வரும்.

கோயிலில் செய்தி பரவி, வெள்ளைக்காரரோடு சண்டை பிடிக்கப் பழகுகிறாராம் என்று சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா அவர்களிடமே போய் நின்றார். "சிரியுங்கோ. நாளைக்கு மூண்டு மணிக்கும் எடுப்பன்," என்றார். காய்ச்சல் வந்த நாளும் எடுத்தார். மகளின் மாமியார் வீட்டு விசேஷத்தன்றும், மாடியில் ஒரு அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, ரயிலில் தொலைத்த குடையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினார். குடை கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையுமில்லை.

ஜூலையில் விழுந்தது அடி.

அவருடைய வங்கி கார்டு தேய்ந்து வேலை செய்யவில்லை. அன்றைய போன் வங்கிக்கு என்று முடிவு செய்தார். எடுத்தது இயந்திரம். ஒரு வாக்கியத்தைச் சொல்லச் சொன்னது, சொன்னார். குரல் பொருந்தவில்லை என்றது. மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் அதே பதில். பிறகு ஒரு மனிதர் வந்து, மிகவும் மரியாதையாக, இந்தக் கணக்குக்கு உரியவரின் குரல் எங்களிடம் பதிவாகியிருக்கிறது, அது உங்கள் குரல் இல்லை, பாதுகாப்புக்காகக் கணக்கைப் பூட்டுகிறோம் என்றார்.

அக்கா செருப்புக்கூடப் போடாமல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "கோதை, நான் நான் இல்லையாம்," என்றார்.

விஷயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாலு வருடத்துக்கு முன்பு, குரலைப் பதிவு செய்யச் சொல்லி வங்கி கேட்டபோது, கம்சிகா தன் குரலைப் பதிந்திருக்கிறாள். எல்லாப் போனையும் அவள்தானே பேசினாள், இதையும் பேசினாள். யார் மேலும் பழி சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் பழகிய பெண்ணிடம் உன் குரல் போலி என்று ஓர் இயந்திரம் சொல்லிவிட்டது. எனக்கு அந்த இயந்திரத்தைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

இரண்டு நாள் மூன்று மணிக்குப் போன் இல்லை. மூன்றாம் நாள் அக்கா அரைநாள் லீவு போட்டார். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குத் தனியாகப் போனார். அந்தக் குரலை அழியுங்கள் என்றார். யாராவது உங்கள் பெயரைத் திருடிவிட்டார்களா என்று கேட்டார்கள். திருட்டு இல்லை, அது என் மகள், ஆனால் அது நான் இல்லை என்றார். ஒன்றே முக்கால் மணிநேரம் உட்கார்ந்திருந்து தன் குரலைப் பதிந்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்த வாரம் கம்சிகா அம்மாவுக்காக எதையோ விசாரிக்க வழக்கம்போல வங்கியை அழைத்திருக்கிறாள். குரல் பொருந்தவில்லை என்று அவளை வெளியே தள்ளிவிட்டது இயந்திரம். ஞாயிற்றுக்கிழமை கோபமாக வந்தாள். நான் அப்போது அவர்கள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை.

"என்னில நம்பிக்கை இல்லையா அம்மா?" என்றாள்.

"நம்பிக்கை இருக்கு. ஒன்பது வயசில என்ர குரலைச் சுமக்க உன்னட்டைத் தந்தது என்ர பிழை. சின்னப் பிள்ளையில ஏத்தின பாரம். இப்ப அதை என்னட்டைத் தா."

கம்சிகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம், அம்மா. பொய் சொல்லுறன் எண்டு கண்டுபிடிச்சு பொலிசைக் கூப்பிடுவினம் எண்டு. இப்பவும், 'ஸ்பீக்கிங்' எண்டு சொல்லேக்குள்ள ஆரும் பாக்கினமோ எண்டு திரும்பிப் பாப்பன்," என்றாள்.

அக்காவுக்கு இது தெரியாது. இருபத்திரண்டு வருடமாகத் தெரியாது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். நான் வெங்காயத்தைச் சாக்காக வைத்து அழுதேன். மறுநாள் மூன்று மணிப் போன் ஆஸ்பத்திரிக்கு. கம்சிகாவின் நம்பரை எடுத்துவிட்டுத் தன் நம்பரைப் போடச் சொன்னார் அக்கா.

செப்டம்பரில் ஸ்கான் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து, இரண்டரை மணிக்கு, அவர் தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் நம்பர் இல்லை. ஆஸ்பத்திரி அழைப்புகள் அப்படித்தான் வரும். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன்.

திருமதி செல்வரத்தினமா என்று கேட்டிருக்க வேண்டும்.

"ஸ்பீக்கிங்," என்றார் அக்கா.

 உதவிக்கு மகளோ வேறு யாராவதோ பக்கத்தில் இருக்கிறார்களா, மொழிபெயர்ப்பாளரை அழைக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டதை அக்கா பிறகு சொன்னார். அப்போது நான் கேட்டது அக்காவின் பதிலை மட்டும்தான். வேண்டாம், மெதுவாகச் சொல்லுங்கள் என்று இங்கிலீஷில் சொன்னார். பின்வாசல் படியில் உட்கார்ந்து, துணிக்கூடைக்குள் வைத்திருந்த கொப்பியை மடியில் வைத்து எழுதினார். எழுதிய ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்டார். கட்டி வளர்ந்திருக்கிறது. புற்றுநோய் என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. ஆனாலும் கழுத்தில் அந்தப் பக்கத்துத் தைராய்டு சுரப்பியை எடுத்துவிடுவது நல்லது என்கிறார் டாக்டர். அறுவை நவம்பரில். நவம்பர் என்பதை அக்கா இரண்டு தடவை திருப்பிச் சொன்னார். குரல் நடுங்கவில்லை.

பிறகு அக்கா ஒரு கேள்வி கேட்டார். ஆப்பரேஷன் செய்தால் என் குரலுக்கு ஏதாவது ஆகுமா?

கம்சிகா பேசியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கமாட்டாள். நானும் கேட்டிருக்கமாட்டேன். கொஞ்ச நாள் கரகரக்கலாம், பெரும்பாலும் சரியாகிவிடும், அபூர்வமாகச் சிலருக்குத் திரும்பாமலும் போகலாம், இதை டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள், நான் குறித்துவைக்கிறேன் என்றார் நர்ஸ். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டார். இல்லை, நன்றி என்றார் அக்கா. நர்ஸ் வைக்கும்வரை காத்திருந்தார்.

உடனே மகளை அழைத்தார்.

"கம்சி, நேர்ஸ் எடுத்தவ. இப்பதான், ரெண்டு நிமிஷம்கூட ஆகேல்லை." எல்லாவற்றையும் கொப்பியைப் பார்த்து வரிசையாகச் சொன்னார், குரலைப் பற்றிச் சொன்னதையும். மறுமுனையில் கம்சிகா அழுவது வேலிவரை கேட்டது. தான் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு எடுத்து விவரமாகக் கேட்கட்டுமா என்றிருக்கிறாள்.

"வேண்டாம். நான் எல்லாம் வடிவாக் கேட்டிட்டன்," என்றார் அக்கா. "உனக்குப் பயமெண்டால் இப்பவே பயப்பிடு. ரெண்டு பேருமாச் சேர்ந்து பயப்பிடுவம்."