மனைவி மஞ்சளான ஏழு நாட்கள்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் சலவைக் கூடத்தில் அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். கடல் கடந்து வந்தவர் அல்ல. துவைத்த விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வெள்ளை என்று அவர் சொன்னால்தான் அது வண்டி ஏறும். முப்பத்தெட்டு வருடமாக அங்கே அவர் வைத்ததுதான் சட்டம்.

அவருடைய எழுபத்து மூன்றாவது வயதில், ஒரு திங்கட்கிழமை, விரிப்புகள் எல்லாம் மஞ்சளாக வந்தன. திருப்பி அனுப்பினார். மறுபடி வெளுத்தார்கள், மறுபடி மஞ்சள். மூன்றாம் முறை துணியே நைந்துவிட்டது. மெஷின்காரர் தண்ணீரைக் குறை சொன்னார், இஸ்திரிக்காரர் சோப்புத்தூளைக் குறை சொன்னார். வெள்ளைக்காரரின் கண்ணைக் குறை சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து மனைவியைப் பார்த்தார். முகம் மஞ்சள். விழியின் வெள்ளையும் மஞ்சள். நாற்பத்தாறு வருடம் உடன் வாழ்ந்தவளைக் காமாலை கொண்டுபோகப் போகிறது.

சொன்னால் உடைந்துவிடுவாள் என்று மறைத்தார். கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வீடு கூட்டினார், பாத்திரம் துலக்கினார், மதியம் அவள் கண்ணயர்ந்தால் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைத்தாலே குமட்டியது. துக்கம்தான் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவளோ, புருஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று தங்கையிடம் அழுதாள். கூடவே, "இருந்தாலும் வீடு இவ்வளவு சுத்தமா இருந்ததே இல்லடி" என்றாள்.

ஏழாம் நாள் அவளை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். எப்படியாவது காப்பாற்றுங்கள் என்று விம்மினார். டாக்டர் அந்த அம்மாளின் இமையை விலக்கிப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. யோசித்துவிட்டு, தன் கோட்டைக் காட்டி என்ன நிறம் என்று அவரைக் கேட்டார்.

"மஞ்சள். இதையும் எங்க ஆளுங்கதான் வெளுத்தாங்களா?"

டாக்டர் சட்டென்று அவர் நாடியைப் பிடித்தார். அது மாட்டுவண்டி வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. என்ன மாத்திரை என்று விசாரித்தார். இதயத் துடிப்புக்கு ஒன்று, பதினெட்டு வருடமாக ஒரே அளவு, ஒரு நாள்கூடத் தவறியதில்லை என்று வெள்ளைக்காரர் பெருமையாகச் சொன்னார்.

"மாத்திரை அதேதான் ஐயா. கிட்னி அதே கிட்னி இல்லையே. வயசாக ஆக அது மருந்தை மெதுவாத்தான் வெளிய தள்ளும். தள்ளாத மிச்சம் ரத்தத்துல சேந்து சேந்து இப்பக் கண்ணு வரைக்கும் வந்திருக்கு, அதான் எல்லாம் மஞ்சளாத் தெரியுது. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. ஆபத்து உங்களுக்குத்தான்."

ஏழு நாளாக அவர் அழுத அழுகையை அவள் ஏழே நிமிடத்தில் அழுது முடித்தாள். அன்றே அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரையை நிறுத்தினார்கள்.

ஐந்தாம் நாள் காலை, கட்டிலருகே அமர்ந்திருந்தவளை வெகுநேரம் பார்த்தார்.

"உனக்கு எப்பத் தலை இப்படி நரைச்சுது?"

"பத்து வருஷமாச்சு. துணியப் பாத்த கண்ணு என்னைய எப்பப் பாத்துச்சு?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாடி பார்க்க வந்த நர்ஸ் அந்தக் கையைக் கேட்டாள். விடவில்லை, மறு கையை நீட்டினார்.