மாமாவின் வண்டியை நான் கிளப்பிய கதை

எங்கள் வீட்டில் கரண்ட் சமாசாரம் படித்தவள் ஒரே ஒருத்திதான். அப்பாவின் தங்கை, என் அத்தை. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் படித்தவள். ஃபேன் சுற்றவில்லை என்றாலும் சரி, மோட்டார் இழுக்கவில்லை என்றாலும் சரி, சேலையைச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறிவிடுவாள். அப்படிப்பட்டவள் அந்தச் சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருக்க, பிளக்குக்கும் பேட்டரிக்கும் வித்தியாசம் தெரியாத ஏழு ஆம்பளைகள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிளைச் சுற்றி நின்று வழக்குப் பேசினார்கள். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலில் பெரும்பங்கு, அப்போது மூன்றாம் வகுப்பு படித்த என் மேல்தான்.

மோட்டார் சைக்கிள் மாமாவுடையது. மாமா, அதாவது அத்தையின் கணவர், மீமிசலில் மீன்வலைக் கடை வைத்திருந்தார். அத்தை பத்து நாள் முன்பே இலுப்பூர் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்குப் படிப்பதற்கென்று வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை திருக்கோகர்ணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு அரசு வேலைக்கான பரீட்சை. ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, பூஜை மாடத்தில் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து இறங்கினார். அதே ஞாயிற்றுக்கிழமை அவர் ஊரில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்கும்போது தாய்மாமன் பெண்டாட்டி பக்கத்தில் இல்லாவிட்டால் சபையில் தலை நிமிர முடியுமா என்றார்.

“எனக்கு வயசு முடியுதுங்க. இத விட்டா எழுத முடியாது” என்றாள் அத்தை.

“பரிச்ச என்னைக்கும் வரும். காதுகுத்து வருமா?” என்றார் மாமா. வயது முடிகிறது என்று அவள் சொன்னது யார் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை. அப்பா தலையைச் சொறிந்தார். விடிந்ததும் கிளம்புவதென்று முடிவானது.

விடிந்தது. வண்டி கிளம்பவில்லை.

செல்ஃப் பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. ஹாரன் இல்லை, லைட் இல்லை, சாவி போட்டதும் எரிகிற பச்சை விளக்குகூட இல்லை. கிக்கரை உதைத்தால் ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். இப்படி மொத்தமாகச் செத்துக் கிடந்தால் வண்டிக்குள் கரண்டே ஓடவில்லை என்று அர்த்தம். அதை முதலில் பார்க்க வேண்டும் என்பது இன்று எனக்கே தெரியும். எங்கள் வாசலில் கூடியவர்கள் பார்த்தது பிளக்கை. அப்பா கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். ஐயா, அப்பாவைப் பெற்றவர், அதை வாங்கித் துண்டில் துடைத்தார். இன்னொருவர் வாங்கி ஊதினார். அப்புறம் டேங்கை ஆட்டிப் பெட்ரோல் சத்தம் கேட்டார்கள். தள்ளிக் கிளப்பலாமென்று கம்மாய்க்கரை வரை தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து தள்ளிக்கொண்டே திரும்பினார்கள். கண்ணேறு பட்டிருக்கும் என்று ஐயா சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி நகர்ந்தால்தானே ஐயா பழம் நசுங்கும்?

இலுப்பூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டால், காளையை மினி வேனில் ஏற்றிக்கொண்டு ஜல்லிக்கட்டுக்குப் போயிருந்தார். மாட்டை அவிழ்த்துவிட்டுத்தான் வருவாராம், எப்படியும் நாளைக்கு ஆகிவிடுமாம். பஸ்ஸில் போகச் சொன்னதற்கு மாமா முறைத்தார்.

“அக்கா வீட்டு வாசல்ல நான் இந்த வண்டியிலதான் எறங்கணும், மச்சான்” என்றார் அப்பாவிடம். போன தீபாவளிக்கு வாங்கிய வண்டி.

அத்தை சுற்றுச் சுற்றாக டீ கொண்டு வந்தாள். நீ படித்தவளாயிற்றே, என்னவென்று பாரேன் என்று ஒரு வாய் அவளைக் கேட்கவில்லை. தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு போய், பால் பொங்குகிற நேரத்தில்கூட அடுப்பு மேடையில் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணி வாக்கில், மோட்டாருக்குக் காயில் கட்டும் பக்கத்து வீட்டுச் சித்தப்பா தூங்கி எழுந்து வந்து சைடு மூடியைக் கழற்றினார்.

“மாப்ள, ஃபியூஸையே காணோமே! நெகத்தளவுதான் இருக்கும். நீலக் கலர்ல, ரெண்டு காலு வச்சு.”

வழியில் எகிறி விழுந்திருக்கும் என்றார் ஒருவர். ஃபியூஸ் வழியில் விழுந்திருந்தால் வண்டி எப்படி வாசல் வரை வந்தது என்று அவரைக் கேட்பார் இல்லை.

ஆனால் அந்த நீலச் சாமான் எனக்குத் தெரியும். காலையில் ரப்பர் தேடி அத்தையின் பென்சில் டப்பாவைத் திறந்தபோது பார்த்திருந்தேன். “தொடாத ஆத்தா, நாளைக்குச் சாயங்காலம் அதுக்கு வேல இருக்கு” என்று அத்தை டப்பாவை வாங்கி மூடியிருந்தாள். நாளைக்குத்தானே அவளுக்கு வேண்டும், மாமாவுக்கு இன்றைக்கே வேண்டுமே! எங்கள் வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று சும்மாவா பேர் வைத்திருந்தார்கள்? உள்ளே ஓடினேன்.

நான் டப்பாவைத் தேடிப் பிடித்துத் திரும்புவதற்குள் வாசலில் காரியம் வேறு மாதிரி ஆகியிருந்தது. ஃபியூஸ் வாங்கப் புதுக்கோட்டைக்குத்தான் போக வேண்டும், போய் வந்தால் இருட்டிவிடும். கம்பியைச் சுற்றிவிடலாம் என்று சித்தப்பா சொன்னதற்கு, புது வண்டியின் வயரிங் எரிந்துபோகும் என்று மாமா கையைத் தட்டிவிட்டார். அப்புறம் படியில் உட்கார்ந்து, “சரி விடுங்க. அக்காட்ட நான் சொல்லிக்கிறேன். இவ பரிச்சைய எழுதட்டும்” என்றார். அத்தை தட்டோடு நிலைப்படியில் நின்றிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

“மாமா! இதுவா?” என்று கையை நீட்டினேன்.

“எங்கிட்டுக் கெடந்துச்சு?”

“அத்தை டப்பாவுல!”

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். “வாசல் கூட்டுறப்ப கெடந்துச்சு. என்னமோன்னு எடுத்து வச்சேன்” என்றாள். எலக்ட்ரீசியன் படித்தவள் ஃபியூஸை என்னமோ என்று எடுத்து வைத்தாளாம். அதையும் அத்தனை பேரும் நம்பினார்கள். அம்மா மட்டும் அத்தையின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரே அமுக்கில் வண்டி உறுமியது. “எங்காத்தா, நீதாம்மா மெக்கானிக்கு!” என்று மாமா என்னைத் தூக்கி டேங்கின் மேல் உட்கார வைத்து, பஸ் ஸ்டாப் வரை ஒரு ரவுண்டு கூட்டிப் போனார். வழியெல்லாம் நான்தான் ஹாரன் அடித்தேன். திரும்பி வந்தபோது அத்தை பையோடு தயாராக நின்றாள். ஹால் டிக்கெட் மாடத்திலேயே இருந்தது.

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் சேலையைப் பிடித்து இழுத்தேன். பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வர வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிற ஆள் நான். இப்பேர்ப்பட்ட நல்ல சேதியை அவளுக்கு நினைவுபடுத்தாமல் எப்படி இருப்பது?

“அத்தை, நாளைக்கு ஒனக்குப் பரிச்ச இல்லைல!”

அத்தை என் கன்னத்தைத் தொட்டாள். கண் நிறைந்து வழிந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

நான் அடுப்படிக்கு ஓடினேன். “அம்மா, பரிச்ச இல்லைன்னதும் அத்தைக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துருச்சும்மா!”

அம்மா திரும்பவே இல்லை. காதில் விழவில்லை போல என்று நினைத்து, இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.