சேர் கொண்டுவந்த கணினி

மன்னாரில் இருக்கும் என் கணினி திருத்தும் கடைக்கு, சிறுவயதில் எனக்குப் படிப்பித்த சேர் இயங்காத கணினியோடு வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பவர் சப்ளையைத் திறந்ததும் உப்பேறிய தூசி மணத்தது.

பேசாலையில் அவர் நடத்திய கணினி வகுப்பிலும் இதே மணம்தான். பன்னிரண்டு வயதில் ஒருநாள் நான் பொத்தானை அழுத்த, கணினி இயங்கவில்லை.

"மீன் நாறுற கையால பழுதாக்கிப் போட்டாய். வெளியில போ!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செய்தி கேட்டு, கையிலிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த அப்பா, கைகூப்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது சேர் என் மேசையருகே நின்று கேட்டார். "பிள்ளை, நான் எழுதின புத்தகம் முழுக்க இதுக்குள்ளதான். திருத்தலாமோ?"

புதிய பவர் சப்ளை அலுமாரியில் இருந்தது. பத்து நிமிட வேலை.

"ஏலாது சேர். கொண்டு போங்கோ."

பெட்டியைச் சுமந்தபடி அவர் வெயிலில் இறங்கியதும் சொன்னேன்.

"நான் பேசாலைச் சவேரியின்ர மகள்."

அவர் திரும்பினார். நான் கதவைச் சாத்தினேன்.