பெரிய பல்லு ரயர்

அந்த வண்டி ரயர்களின் பற்கள் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிப்பு, இடையில் தாராளமாக விரல் விடலாம். லண்டனில், எட்மண்டன் வீட்டு வாசலில் நின்ற பிக்கப் வண்டியில் அவற்றைப் பூட்டிவிட்டு, தனியாளாய்த் தேர் இழுத்து முடித்தவர் போல நின்றார் அத்தான். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. அந்த வண்டியை ஓடுவது அவரல்ல, அக்கா. தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய் இறக்குவது அவள்தான். லைசென்ஸ் கிடைத்த அன்றுதான் லண்டன் தனக்கும் ஊரானது என்று சொன்னவள்.

ரயர் வாங்கமுதலே அக்கா கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தாள். கரடுமுரடுக்கும் தாங்குகிற ரயர் என்றாலும் அதிலும் வகை உண்டு. குளிருக்கென்று பனிப்பூ அடையாளம் போட்டு, பல்லில் மெல்லிய கீறல்கள் நிறைய உள்ளதாகப் பாருங்கள், அந்த ரப்பர்தான் குளிரில் இறுகாது, மழையிலும் பிடிக்கும் என்று கடையில் விசாரித்து வந்து சொன்னாள். அத்தான் சிரித்தார். "வன்னிச் சேத்துக்குள்ளை உழவு மெசின் ஓடின எனக்கு நீ ரயர் படிப்பிக்கிறியோ? பல்லு பெரிசெண்டாத்தான் பிடிக்கும்." வயல் சேறும் தார் றோட்டும் ஒன்றா? சேற்றுக்குள் பல் இறங்கும். நனைந்த தாரில் எங்கே இறங்குவது? இதை யோசிக்காத மனிதருக்கு வாய்க்கு மட்டும் குறைவில்லை.

உருகிய பனியும் மழையுமாய்க் கிடந்த ஒரு காலையில், ஸ்ட்ரெதம் பக்கத்து இறக்கமொன்றில் அக்கா மெதுவாகத்தான் வந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். பிரேக் பிடித்தாள். வண்டி நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே போய் ஒரு மதிலில் முட்டியது. எங்களுக்குக் காயமில்லை, கத்தரிக்காய்தான் றோட்டெல்லாம் உருண்டது.

வந்த அத்தான் ரயரைப் பார்க்கவேயில்லை. "பொம்பிளையளிட்டை வண்டியைக் குடுத்தா இதுதான்" என்றார். அதையே மனோர் பார்க் கோயில் வாசலிலும் கலியாண வீடுகளிலும் பகிடியாகச் சொல்லிச் சொல்லிச் சனத்தைச் சிரிக்க வைத்தார். அக்கா பிறகு வண்டித் திறப்பை, அந்தச் சாவியை, தொடவில்லை. தானே ஓடத் தொடங்கிய அவரோ அடுத்த குளிருக்கு, சத்தமில்லாமல், அவள் சொன்ன ரயரையே வாங்கிப் பூட்டினார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. போன மாதம் என் முன்னாலேயே திறப்பை நீட்டி, "இந்தா, நீ ஓடு. உனக்கு ஏலும்" என்றார்.

"ஏலுமெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள் அக்கா. "நீங்கள் அதைக் கோயில் வாசலிலை நிண்டு சொல்லுங்கோ. பிறகு ஓடுறன்."

அவர் இன்றுவரை சொல்லவில்லை. அக்கா பஸ்ஸில்தான் போகிறாள்.