ஓடில்லாத நத்தைகளின் நிறம்

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் விலங்கியல் பட்டப்படிப்பில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு இரும்புலியூர். அதற்கு முன்பே ரயில்வே வேலைக்குப் போய், கண் பரிசோதனையில் தேறாமல் திரும்பியவன் நான். சிவப்பும் பழுப்பும் எனக்கு ஒன்றாகத்தான் தெரியும். கல்லூரியில் இது தெரிந்தால் இந்தப் படிப்பையும் விடச் சொல்லிவிடுவார்களோ என்று ஒரே பயம். பல்லாவரத்து நண்பன் ஒருவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். படம் வரையும்போது கலர் பென்சிலை அவன்தான் எடுத்துக் கொடுப்பான். "மச்சான், இதான் செவப்பு. முழிக்காதே, சார் பாக்கறாரு" என்பான்.

விலங்கியல் சார் எங்களைக் கோவளம் கடற்கரைக்குக் கூட்டிப்போன அன்று பார்த்து அவனுக்குக் காய்ச்சல். எனக்குக் கை ஒடிந்தாற்போல் ஆகிவிட்டது.

கடல் உள்வாங்கியிருந்தது. பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரைக் குனிந்து பார்த்தேன். பயமெல்லாம் எங்கே போயிற்றோ! விரல் நீளத்தில் ஓடில்லாத கடல் நத்தைகள், பாவாடைக் கொசுவம் மாதிரி விளிம்பு நெளிய நெளிய, அவசரமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. முதுகில் ஒரு பூ விரியும். தொட்டால் உள்ளே போய்விடும். அவை மூச்சுவிடும் செவுள்தான் அந்தப் பூ. அலைச்சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. கால்சட்டை நனைந்தது கூடத் தெரியாமல் நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சார் நத்தைகளை எனாமல் தட்டில் விடச் சொன்னார். "எத்தனை இனம் இருக்குன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார். எல்லோரும் இரண்டு என்றார்கள். சிவப்பு ஒன்று, பழுப்பு ஒன்று. என் முறை வந்தது. கையைப் பிசைந்துகொண்டு, "ஒண்ணுதான் சார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "டேய், உனக்கு இன்னா கண்ணு தெரியலையா?" என்றான் பின்னால் நின்ற ஒருவன். தொலைந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சார் சிரிக்கவில்லை. லென்ஸை வைத்து ஒவ்வொன்றையும் நெடுநேரம் பார்த்தார். "ஒரே இனம்தான். இதுல நிறம் ஒண்ணுக்கொண்ணு மாறும். நானே முன்னே இதை ரெண்டுன்னு நெனச்சு ஏமாந்திருக்கேன். நீ எப்படிப்பா சொன்னே?"

"தலையில இருக்கிற கொம்பு, ஓரம், அந்தப் பூ விரியற விதம் எல்லாம் ஒரே மாதிரி இருந்தது சார்" என்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை. "எனக்குக் கலர் சரியாத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்ன? கலரை யாரையாவது கேட்டு எழுதிக்கலாம். இப்படிப் பாக்கறதுக்கு யாரைப் போய்க் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே நண்பன் வீட்டுக்கு ஓடினேன். போர்வைக்குள்ளிருந்தபடி எல்லாவற்றையும் கேட்டவன், "அப்போ என் வேலை போச்சா மச்சான்?" என்றான்.

இன்றும் துணிக்கடையில் மனைவி இரண்டு புடவைகளை நீட்டி எது நன்றாயிருக்கிறது என்று கேட்டால், "எனக்குக் கலர் தெரியாதும்மா" என்று கடைக்காரர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன். தெரியாததை மறைப்பதிலேயே குறியாக இருந்தவரை எனக்கு என்ன தெரியும் என்பது எனக்கே தெரியாமல் இருந்தது என்பதை அப்போதெல்லாம் அந்தப் பாறைக்குழித் தண்ணீர் நினைவுபடுத்துகிறது.